வாத்துப் படத்துக்கு அடியில்

நம் வயதில் நமக்குப் பெயர் கிடையாது, கவனித்தீர்களா? ஆச்சி, அம்மாச்சி, பெரியம்மா, அவ்வளவுதான். போன வாரம் வங்கிக்குப் போனேன். "பாட்டி, கையெழுத்துப் போடுவீகளா, கைநாட்டா?" என்று கேட்கிறான் ஒரு பொடியன். வாழ்நாள் முழுக்க நர்ஸ் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட உரிமை உள்ள கடைசி ஆள் என் சித்தி. தொண்ணூறைத் தாண்டியவள், போன மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். அவள் போன பிறகுதான் இதை எழுத முடிந்தது. அவள் இருந்த வரைக்கும் இதை நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இதில் ஒரே ஒரு நிஜப் பெயர்தான் வரும். மற்றவர்களை எல்லாம் உறவு சொல்லியே ஓட்டிவிடுகிறேன். அந்த ஒரு பெயர் தங்கபுஷ்பம். கேட்டதும் உங்களில் பாதிப் பேருக்கு ஓர் அத்தையோ மதினியோ ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு தங்கபுஷ்பம் இருந்த காலம் உண்டு. எனக்கு ஞாபகம் வருவது ஒரே ஒருத்தி, சித்தி மகள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம். அம்மாவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அப்பா விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டியில் இருந்தார். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் அவர் சட்டையை உதறுவதற்குள் எல்லோரும் தும்மிவிடுவோம். அம்மாவின் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க என்னைச் சிவகாசியில் சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு வருஷம் என்றுதான் பேச்சு. வருஷம் முடிவதற்குள்ளேயே திரும்பிப் போய்விட்டேன்.

சித்தப்பா ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கப்பிள்ளை. சிவகாசியில் கம்பெனி என்று சொல்ல மாட்டார்கள், தீப்பெட்டி செய்கிற இடத்துக்கும் ஆபீஸ் என்றுதான் பேர். அங்கே குச்சிக்கு மருந்து முக்குவார்கள். பெட்டி செய்வதும் லேபிள் ஒட்டுவதும் வீடுகளில். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் காலை வைக்க இடம் இருக்காது. தரை முழுக்கப் பாய், பாய் முழுக்கப் பெட்டி. சீவின மரச்சில்லின் பச்சை வாசனையும் பசையின் புளிச்ச வாசனையும் தலைமுடிக்குள்ளேயே ஏறிவிடும். கணக்கப்பிள்ளை வீடு என்பதால் சித்தி மட்டும் சும்மா இருப்பாளா? அவளும் ஒட்டினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்களும் உட்கார்ந்துவிடுவோம்.

வேலை இப்படித்தான். ஒரு பலகையில் பசையைத் தடவி வைத்திருப்பார்கள். லேபிள் கட்டு இடது பக்கம். ஒரு லேபிளை எடுத்துப் பசையில் வைத்து, தூக்கி, பெட்டியின் தலையில் ஒட்டி, கட்டைவிரலால் ஒரு தேய். லேபிள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தனியே வராது. விரல் ஈரமாக இருந்தால்தான் ஒற்றையாக வரும். அதற்காகச் சித்தி ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்திருந்தாள். நான் அதில் தொட்டுத் தொட்டு எடுப்பேன். தங்கபுஷ்பம் நாக்கில் தொட்டு எடுப்பாள். சிரட்டையை அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

"யக்கா, நீ தண்ணியத் தொட்டு எடுத்து ஒட்டி முடிக்கதுக்குள்ள தீவாளி வந்துரும்" என்பாள். சொல்லும்போதே அவள் கையில் நாலு பெட்டி முடிந்திருக்கும். தெருவிலேயே அவளுக்கு இணையாக ஒட்ட ஆள் கிடையாது. சித்திக்கு அதில் பெருமை. விரல், பலகை, நாக்கு, லேபிள் என்று அந்தக் கை போய் வருகிற வேகத்தை எதிர்வீட்டு அத்தை வந்து நின்று பார்ப்பாள்.

எதிர்வீட்டு அத்தை எங்களுக்கு உறவு இல்லை. எங்களைப் போல வேதக்காரர்களும், அதாவது கிறிஸ்தவர்களும் இல்லை. ஊரில் நிலபுலம் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் படிப்புக்காகச் சிவகாசியில் வந்து குடியிருந்தவர்கள். நல்ல மனுஷி. அவர்கள் காட்டில் கம்பு அறுத்தால் முதல் படி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நல்ல மனுஷி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் அவளைத் திட்டக்கூடாது.

அந்தப் பெயரைப் பற்றி முதலிலிருந்தே வீட்டுக்குள் சண்டை இருந்தது. தங்கபுஷ்பம் என்பது சித்தப்பாவின் கூடப்பிறந்தவள் பெயர். அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே கிணற்றில் விழுந்து செத்துப்போனவள். கால் வழுக்கி விழுந்தாளா, தானாக விழுந்தாளா என்று யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். தங்கையின் பேர் நிலைக்க வேண்டும் என்று சித்தப்பா மகளுக்கு அதையே வைத்தார். சித்திக்கு இஷ்டமே இல்லை. ஞானஸ்நானத்தின்போது போதகர் அந்தப் பெயரைச் சொன்னதும் பிள்ளை வீரிட்டு அழுதது என்று அடிக்கடி சொல்லுவாள். எந்தப் பிள்ளைதான் தலையில் தண்ணீர் விழுந்தால் அழாது? என் அம்மா டீச்சர் அல்லவா, அவளுக்கு வேறு அபிப்பிராயம். "பூப்பேரு வச்சா அந்த வயசுக்கு நல்லாருக்கும், கிழவியானா நல்லாருக்காது" என்பாள். அந்தக் கவலைக்கு அவசியமே இல்லாமல் போனது.

அந்த வருஷம் ஆவணியில் சித்தப்பா ஒரு நாள் சாப்பிடாமல் கொள்ளாமல் ஓடி வந்தார். முதலாளி புது லேபிள் போடப் போகிறார். பெண்பிள்ளை பேரில் லேபிள் போட்டால் லட்சுமி வருவாள் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பல முதலாளிகள் தங்கள் மகள் பேரைத்தான் போட்டார்கள். இவருக்கு எல்லாம் ஆண்பிள்ளைகள். "கணக்கப்பிள்ளை, உம்ம மக பேரு பவுனும் பூவுமா இருக்கே, அதையே போட்டுருவோமே" என்றிருக்கிறார். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "செத்தவ பேரைத்தான் பிள்ளைக்கு வச்சீக. இப்ப அதைக் கொளுத்தவும் போறீகளாக்கும்?"

"கூறுகெட்டவளே, நாலு ராஜ்யத்துக்கு உம் பிள்ளை பேரு போகப் போகுது. வாயைக் களுவிட்டுப் பேசு."

சித்தி அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்தார்கள். அச்சாபீசில் அதைப் பார்த்து ஒருவர் படம் வரைந்தார். லேபிள் வந்தபோது பார்த்தால், மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு பெண் கையில் பூ வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மூக்கும் நெற்றியும் எங்கள் தங்கபுஷ்பம்தான். ஆனால் உதட்டில் ரத்தச் சிவப்பு, காதில் ஜிமிக்கி, வயது இருபதுக்குக் குறையாது. சித்தி அதை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது. அந்தப் படம் கிணற்றில் விழுந்தவளைப் போலவே இருந்ததாம். பல வருஷம் கழித்து அம்மாதான் எனக்கு இதைச் சொன்னாள்.

தங்கபுஷ்பத்துக்கு ஒரே கொண்டாட்டம். "நான் பம்பாய் வரைக்கும் போறேன். நீ வெம்பக்கோட்டையத் தாண்டியிருக்கியா யக்கா?" என்று என்னைச் சீண்டுவாள். லோடு ஏற்றின லாரி தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் கையை ஆட்டி வழியனுப்புவாள், உள்ளே இருப்பதும் அவள்தான் என்கிற மாதிரி.

லேபிள் பிய்த்துக்கொண்டு போனது. டீக்கடை வாசலைத் தாண்டினால், "ஒரு கட்டு பீடியும் ஒரு தங்கபுஷ்பமும் குடு" என்று சத்தம் கேட்கும். கேட்டவர்கள் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தீப்பெட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். காலிப் பெட்டிகள் சாக்கடையில் மிதந்தன, ஆடு மென்றது, மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி நசுங்கின. எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு உதடு சிரித்துக்கொண்டே கிடந்தது. சித்தி தெருவில் போகும்போது குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வாள். எத்தனையைத்தான் பொறுக்க முடியும்?

லேபிள் வந்தது, மழை வந்தது, எலி வந்தது, எல்லாம் ஒரே சமயம். மழைக்காலத்தில் பெட்டி காயாது. காயாத பெட்டியில் மாவுப்பசை இருக்கிறதல்லவா, எலி வந்து கரும்பிப்போடும். காலையில் எழுந்தால் பாதிப் பெட்டி சக்கை சக்கையாகக் கிடக்கும். எல்லா வீட்டிலும் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பசை காய்ச்சும்போது மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவது. நீலக் கல் மாதிரி, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். மற்ற வீடுகளில் ஒரு சிட்டிகை போட்டார்கள். சித்தி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். கைநிறைய அள்ளிப் போட்டாள். பசை இளநீலமாக மாறியது. மறுவாரம் பெட்டிக் குவியலுக்குப் பின்னால் எலிகள் செத்துக் கிடந்தன. தங்கபுஷ்பம் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். நாங்கள் கைதட்டினோம்.

ஐப்பசி நடுவில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால் முகத்தைச் சுளிப்பாள். "யம்மா, செம்புக்காசை வாயில போட்டாப்பில இருக்கு" என்பாள். சித்தி செம்புக் குடத்தை எடுத்துவிட்டு மண்பானையில் தண்ணீர் வைத்தாள். அப்போதும் அதே ருசி. பிறகு வாந்தி. பச்சையாக எடுத்தாள். பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுத்தார்கள். இரண்டு நாள் தேறுவாள், எழுந்து வந்து பலகை முன்னால் உட்காருவாள், மறுபடியும் படுப்பாள். ஆஸ்பத்திரியில் காமாலைக்கு மருந்து கொடுத்தார்கள். சித்தி கீழாநெல்லியையும் அரைத்துக் கொடுத்தாள்.

ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை வந்து உட்கார்ந்தாள். தங்கபுஷ்பத்தின் கண்ணை இழுத்துப் பார்த்தாள். பிறகு சித்தியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மனசில பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்கிடாதீக. பொழுதடைஞ்சா வீட்டுக்கு வீடு பிள்ளை பேரைக் கையில எடுத்துக் கொளுத்துறாக. அடுப்புக்கும் அதுதான், விளக்குக்கும் அதுதான், பீடிக்கும் அதுதான். பச்சப்பிள்ளைக்கு அம்புட்டும் தாங்குமா?"

சித்தி ஏற்கெனவே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவர் வாயால் கேட்டதும் அது நிஜமாகிவிட்டது. அன்றிலிருந்து சித்தி தீக்குச்சி உரசுவதை நிறுத்தினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் என்னை ஒரு கொட்டாங்கச்சியோடு எதிர்வீட்டுக்கு அனுப்பிக் கங்கு வாங்கிவரச் சொல்லுவாள். எதிர்வீட்டு அத்தை அந்த அடுப்பை எதைக்கொண்டு பற்றவைத்தாள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அதைவிடக் கொடுமை, தங்கபுஷ்பத்துக்கும் விஷயம் எட்டிவிட்டது. சாயங்காலம் ஆனால் பாயில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொள்வாள். "பக்கத்து வீட்டில உரசுறாக... இப்ப மூலைவீட்டில..." என்பாள். எனக்கு ஒன்றும் கேட்காது. அவளுக்குக் கேட்டது. ஒவ்வொரு உரசலுக்கும் போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்வாள். அந்தக் குறும்புக்காரி எங்கே போனாள் என்று எனக்கு அழுகையாக வரும். பயமாகவும் இருந்தது. நானும் தெருவில் தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டால் சட்டென்று அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

சித்தி போதகரிடம் போனாள். பெயரை மாற்றித் திரும்ப ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். "அம்மா, ரெண்டாந்தரம் ஞானஸ்நானம் கிடையாது. பிள்ளையக் கர்த்தர் கையில ஒப்புக்கொடுத்து ஜெபம் பண்ணுங்க" என்றார் போதகர். சித்தி ஜெபம் பண்ணினாள். பண்ணிவிட்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனாள்.

அத்தை சொன்ன வழி இது. பிள்ளைக்கு வேறு பேர் வைக்க வேண்டும். பழைய பேரை அதன்பிறகு யாரும் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் தேடிக்கொண்டிருப்பது கண்டுபிடித்து வந்துவிடும். ஆபீசில் மீதம் இருக்கிற லேபிளைக் கொளுத்தவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. மேலே வேறு லேபிளை ஒட்டி மூடிவிட வேண்டும். "அந்தப் பிள்ளை கையாலேயே மூடட்டும். தன் முகத்தைத் தானே மறைச்சாத்தான் விடும்."

தேடிக்கொண்டிருப்பது எது என்று யாரும் கேட்கவில்லை. கிணற்றில் விழுந்தவள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஊரறிய வேதக்காரர்கள். ஆனாலும் சித்தப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் அவரும் பயந்துபோயிருந்தார். முதலாளி இன்னும் பயந்துபோனார், தன் லேபிளால் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேர் கெட்டுவிடும் அல்லவா? லேபிளை நிறுத்திவிட்டார். புதிதாக ஒரு வாத்துப் படம் அச்சடிக்கச் சொன்னார். குச்சி அடைக்காத காலிப் பெட்டிகள், தங்கபுஷ்பம் லேபிள் ஒட்டினவை, மூட்டை மூட்டையாக ஒரு மாட்டுவண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கின.

அவளுக்கு ஜீவா என்று பேர் வைத்தார்கள். சித்தப்பா கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். சித்தி எங்கள் எல்லோரையும் பைபிளில் கை வைக்கச் சொல்லி, பழைய பேரைச் சொல்ல மாட்டோம் என்று சத்தியம் வாங்கினாள். பிறகு ஒரு பானை பசை காய்ச்சினாள். எலி மூட்டையைக் கிழித்துப் பழைய முகத்தை வெளியே கொண்டுவந்துவிடக் கூடாது என்பதால் அன்றைக்குத் துத்தம் வழக்கத்தைவிடக் கூட.

எழுந்து உட்கார முடியாதவளைச் சுவரோடு சாய்த்து, இரண்டு தலையணை கொடுத்து, மடியில் பலகையை வைத்தார்கள். "மூடு ராசாத்தி, ஒண்ணு விடாம மூடு. மூடினா எல்லாம் சரியாப் போயிரும்" என்று சித்தி அவள் தலையைக் கோதிவிட்டாள். சித்தியின் கையில் அவ்வளவு பிரியம் இருந்தது. அவள் மூடினாள். நான் பெட்டியை எடுத்துக் கொடுப்பேன், வாங்கிக் காய வைப்பேன். மற்றவர்கள் கை படக்கூடாது என்பதால் லேபிளை அவள்தான் எடுக்க வேண்டும். விரல், பலகை, நாக்கு, லேபிள். வேகம் குறைந்திருந்தது. பழக்கம் மாறவில்லை.

முதல் நாள் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. "யக்கா, வாத்து என் மூக்கு மேல உக்காந்திருக்கு பாரு" என்று சிரித்தாள். பல் ஓரமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. ஒட்டுவாள், வாந்தி எடுப்பாள், வாயைத் துடைத்துக்கொண்டு ஒட்டுவாள். சித்தி ஒவ்வொரு மூட்டை முடிந்ததும் "இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்" என்பாள். கண் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. பழைய பேர் போகாமல் அடம் பிடிக்கிறது என்று சித்தி இன்னும் அவசரப்படுத்தினாள். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பிழைக்க வைக்கப் பாடுபட்டோம்.

கடைசி மூட்டையில் கொஞ்சம் மீதி இருக்கும்போது அவளால் கையைத் தூக்க முடியவில்லை. ஒரு மத்தியானம், மழை விட்டிருந்தது. சித்தப்பா டாக்டரைக் கூப்பிடப் போயிருந்தார். சித்தி தண்ணீர் எடுக்கப் போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"யக்கா."

"என்ன ஜீவா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது யாரு?" என்றாள். "ஜீவா ஜீவாங்கீகளே, யாரு அது? எனக்கு யாரையோ கூப்பிடுதாப்பில இருக்கு. நான் இங்கன தனியாக் கெடக்கேன்."

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடேன்."

"சித்தி வைவாக. சத்தியம் பண்ணிருக்கேன்."

"மெதுவாக் கூப்பிடு. எனக்கு மட்டும்."

நான் குனிந்து அவள் காதுக்குள், "தங்கபுஷ்பம்" என்றேன்.

"ம்" என்றாள். பழைய குரல். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டால் சொல்லுவாளே, அந்தக் குரல். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் நிமிர்ந்தேன். வாசலில் சித்தி இடுப்பில் குடத்தோடு நின்றாள். குடம் சரிந்து தண்ணீர் கீழே ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"கூப்பிட்டுட்டியேட்டி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் தங்கபுஷ்பம் போய்விட்டாள். அடக்கத்தில் போதகர் ஞானஸ்நானப் பெயரைத்தான் சொன்னார். அந்தப் பெயர் கேட்டதும் சித்தி கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீங்கள் யாரும் வாங்கியிருக்க வேண்டாம். அம்மா வந்து என்னை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனாள். மீதிப் பெட்டிகள் என்ன ஆயின என்று தெரியாது. ஒன்றாவது எடுத்து வைத்திருக்கலாம். அவள் முகம் இருந்த ஒரே சாமான் அதுதான். ஸ்டூடியோப் போட்டோவைச் சித்தப்பா எங்கேயோ புதைத்துவிட்டார்.

சித்திக்கு அப்புறம் பிள்ளை இல்லை. என்னோடு பேச்சும் இல்லை. என் கல்யாணத்துக்கு வந்து வேதக்கோயிலில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போனாள். நான் கூப்பிட்டதால்தான் அது கண்டுபிடித்து வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வயதில் எனக்கும் சந்தேகமில்லை. பிசாசுக்கு வழி காட்டினவள் நான்தான் என்று நம்பிக்கொண்டு எத்தனையோ வருஷம் கழித்தேன்.

பிறகு நர்ஸ் படிப்புக்குப் போனேன். ஒரு நாள் மருந்து அறையில் பாடம். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். உள்ளே நீலக் கல். எனக்கு அந்த நிமிஷமே பசை வாசனை வந்துவிட்டது. இது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று எழுந்து கேட்டேன். பாடம் எடுத்த சிஸ்டர் சாதாரணமாகச் சொன்னார்கள்: வாயில் செம்பு ருசி, பச்சையாக வாந்தி, தொடர்ந்து போனால் ஈரல் கெடும், கண் மஞ்சளாகும். மற்றப் பெண்கள் எழுதிக்கொண்டார்கள். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அதுதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், வெறும் காமாலையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவள் சொல்கிறேன், எனக்குள் சந்தேகம் இல்லை.

அந்தப் பானையைக் கிண்டினது சித்தியின் கை.

சித்தப்பா போனபிறகு சித்திக்கு யாரும் இல்லை. நடக்கவும் முடியாமல் போனதும் நான்தான் விருதுநகருக்கு என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். வந்த பிறகும் பேச்சு குறைவுதான். சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வாள், முதுகைத் துடைத்தால் திரும்பிக்கொடுப்பாள். வீட்டில் கேஸ் அடுப்பு. நான் லைட்டரைத்தான் வைத்திருந்தேன், தீப்பெட்டி வாங்குவதில்லை. அவளுக்காக இல்லை, எனக்காகத்தான்.

ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சித்தி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சிவகாசி வீட்டை விட்டு நான் வந்தபிறகு அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆண்டவர் சமுகத்துக்குப் போறேன், மனசில வச்சுக்கிட்டுப் போகக்கூடாது. அன்னைக்கு நீ அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே. சின்னப்பிள்ளை, அறியாமச் செஞ்சுட்டே. நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னையா நீ மன்னிக்கிறாய் என்று கேட்க வாய் துடித்தது. துத்தம் என்கிற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. ஒரே ஒரு வார்த்தை, சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும். இத்தனை வருஷம் நான் சுமந்ததற்கு எனக்கும் நியாயம் வேண்டாமா?

சித்தியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. எலும்பும் தோலுமான கை. தங்கபுஷ்பத்தின் தலையைக் கோதி, "மூடு ராசாத்தி" என்று சொன்ன கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் இன்னும் சில நாள் இருக்க வேண்டும்.

"ஆமா சித்தி" என்றேன். "நாந்தான் கூப்பிட்டேன். அறியாமச் செஞ்சுட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் இளகினது. தூங்கிவிட்டாள் என்று எழுந்திருக்கப் பார்த்தேன், கையை விடவில்லை.

"நான் அந்தப் பேரைச் சொல்லவே இல்ல பிள்ளே, அன்னைக்கு இருந்து. பயம். வாய்க்கே வரமாட்டேங்குது. கேக்கணும் போல இருக்கு. இப்ப வந்தா வரட்டும், நானும் போறவதானே. நீ ஒரு தடவை சொல்லு."

நான் குனிந்து அவள் காதுக்குள், "தங்கபுஷ்பம்" என்றேன்.

சித்தி கண்ணைத் திறந்து, யாரோ உள்ளே வருகிற மாதிரி வாசலைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து படுத்தாள், பக்கத்தில் படுப்பதற்கு இடம் விட்டு.